பட்டாளத்துத் தொண்டையும் பாடகர் குழுவும்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சிற்றூர்க் கிறிஸ்தவக் கோயில்களில் பாடகர் குழுவின் பின்வரிசையைக் கவனித்தால், முதுகு வளையாமல் நிற்கிற ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் ஒருவராவது பெரும்பாலும் கண்ணில் படுவார். சிப்பாய்க்கு 15 ஆண்டு பணி முடித்தால் பென்ஷன் உண்டு என்பதால், நாற்பதை எட்டுவதற்குள் ஊர் திரும்பியவர்கள் நிறைய. சுபேதார் வரை ஏறியவர்கள் ஐம்பதை ஒட்டி வருவார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் பாடுவதற்கு இன்னும் இருபது முப்பது வருஷம் கையில் இருக்கிறது. ஆனால் அவர்களில் பலர் ஐந்தாறு கிறிஸ்துமஸ் தாண்டுவதற்குள் "தொண்டை போச்சு, காதும் மந்தம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க அவசியமே இல்லை. பட்டாளம் காதையும் தொண்டையையும் எந்த நிலையில் திருப்பி அனுப்பியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற இடத்தில் நின்று அதற்கேற்ற குரலில் பாடினால் எண்பது வயது வரை வண்டி ஓடும்.

காதிலிருந்து தொடங்குவதுதான் சரி. ஏனென்றால் குரல் கெடுவதற்கும் பாதிக் காரணம் காதுதான்.

துப்பாக்கி வெடிக்கும்போது சுடுகிறவர் காதருகே ஒலி 150 டெசிபெல்லைத் தாண்டும். தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல்தான் பாதுகாப்பான அளவு என்று வைத்துக்கொண்டால், ரேஞ்சில் போன ஒவ்வொரு நாளும் காது என்ன பட்டிருக்கும் என்பது விளங்கும். உட்காதிலிருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. வலது தோளில் கட்டையைப் பதித்துச் சுடுகிறவருக்குத் தலையின் நிழலில் வலது காது ஓரளவு தப்பித்துக்கொள்ளும். குழல்வாய்ப் பக்கம் திரும்பியிருக்கிற இடது காதுதான் கூடுதலாக அடிவாங்கும். அதனால் காலாட்படையில் இருந்தவர்களுக்கு இரண்டு காதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பீரங்கிப் படையிலும் டாங்கிகளிலும் இருந்தவர்களுக்கு இரண்டுமே சேர்ந்து போயிருக்கலாம்.

காது கேட்பு சோதனைத் தாளை வாங்கிப் பார்த்தால் கோடு 250 ஹெர்ட்ஸிலிருந்து 2000 வரை ஓரளவு மேலேயே ஓடி, 4000 பக்கம் பள்ளத்தில் விழுந்து, 8000-இல் கொஞ்சம் ஏறியிருக்கும். வெடிச்சத்தம் விட்டுப்போன தடம் அது. வயது கூடக் கூட 8000-உம் இறங்கிவிடுவதால் பள்ளம் சரிவாக மாறிவிடும். இதைப் பாட்டுக்கு எப்படிப் பொருத்துவது? ஆண்கள் பாடுகிற சுருதிகள் பெரும்பாலும் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே முடிந்துவிடும். அந்தப் பகுதியில் அவருக்குக் குறையே இல்லை. ஆனால் ச, ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளும், க, த, ப என்று சொல் தொடங்குகிற உரசலும் மேலே 3000, 4000-இல் இருப்பவை. அதாவது சுருதி விலகாது, சொல் விலகும். ராகத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டே எல்லாரும் ஆரம்பித்துக் கால்வாசித் தட்டு கழித்து உள்ளே வருவார். 'சேனை' என்று பாடும் இடத்தில் 'தேனை' என்பார். பயிற்சி தருகிறவர் "அண்ணாச்சிக்குத் தாளம் நிக்கல" என்று முடிவு கட்டிவிடுவார். தாளத்தில் பழுதில்லை, எடுக்கிற சத்தம் அவருக்கு எட்டவில்லை.

இதற்கு முதல் மருந்து நிற்கிற இடம். இடது காது மந்தமானால் வரிசையின் இடது கோடியில் நிற்க வேண்டும். அப்போது எல்லாக் குரலும் வலப்பக்கத்திலிருந்து வரும். கீபோர்டும் அந்தப் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் முன்னாலும், ரிதம் பேடு வாசிக்கிற பையனுக்குப் பக்கத்திலும் நிற்கவே கூடாது. அங்கே நின்றால் தன் குரல் தனக்குக் கேட்காது. கேட்காதபோது மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான், தொண்டை கட்டுவது அங்கிருந்துதான் ஆரம்பம். இரண்டாவது, பயிற்றுநரின் வாயைப் பார்த்துப் பாடுவது. கண் நோட்டில் புதைந்திருந்தால் எடுப்பு, அதாவது சொல் தொடங்குகிற இடம், தவறும். ஒவ்வொரு சரணத்தின் முதல் வரியையாவது மனப்பாடம் செய்துவிட்டால் அந்த நேரத்தில் தலை நிமிர்ந்திருக்கும்.

காது மிஷின் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அது பேச்சுக்காகச் செய்யப்பட்ட கருவி. கீபோர்டில் ஒரு ஸ்வரம் நீளமாக நிற்கும்போது, அதைத் தன்னுடைய விசில் சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். காதுக்குள் ஸ்வரம் நடுங்கும். கூட்டம் உரக்கப் பாடினால் அமுக்கிவிடும். மிஷினைப் பொருத்துகிறவரிடம் 'பாட்டுக்கென்று தனி புரோகிராம் வேண்டும். அதில் விசில் அடக்குவதையும் இரைச்சல் குறைப்பதையும் நிறுத்தி, அமுக்கத்தைக் குறைத்துக் கொடுங்கள்' என்று கேட்க வேண்டும். பெரும்பாலான டிஜிட்டல் மிஷின்களில் இது முடியும், ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். குறைபாடு லேசாக இருந்தால் பாடும்போது மட்டும் கழற்றிவைத்துவிட்டு, பிரசங்கத்துக்கு மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. அதுவும் சரிதான். பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்த உடனே மாட்டாமல் சில நிமிஷம் காற்றில் வைத்து மாட்டினால் கூடுதல் நாள் வரும். ராத்திரி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். வேர்வையில் போகிற மிஷின்கள்தான் அதிகம்.

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸின் அட்டை வைத்திருப்பவர்கள் பாலிகிளினிக்கில் சொல்லி, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் சீட்டு வாங்கி, சோதனை செய்துகொள்ளலாம். காது மிஷினும் அந்த வழியிலேயே கிடைக்கும். டாக்டரின் பரிந்துரையும் அனுமதியும் கையில் வருவதற்கு முன்பே கடையில் வாங்கிவிட்டுப் பில்லை நீட்டினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

அடுத்தது தொண்டை. அணிவகுப்பில் ஆர்டர் கொடுத்துப் பழகியவர்களுக்கு, அதிலும் டிரில் சொல்லிக்கொடுக்கிற உஸ்தாதாக இருந்தவர்களுக்கு, ஒரு தனி வியாதி உண்டு. "தேஜ்..." என்று இழுத்து நிறுத்தி, மூச்சை அடைத்து, "சல்!" (விரைந்து நட) என்று வெடிக்கிற பழக்கம். அந்த வெடிப்பில் குரல்நாண் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். பல வருஷம் மோதினால் தடித்துப்போகும், முடிச்சும் விழலாம். கோயிலில் இது எப்படித் தெரியும் என்றால், உயிரெழுத்தில் தொடங்குகிற ஒவ்வொரு வரியும் 'டக்' என்று ஒரு தட்டோடு வெளியே வரும். அல்லேலூயாவில் ஆரம்பிக்கிற பாட்டு என்றால் கூட்டத்தில் அவர் ஒருவர் மட்டும் தனியாகத் தெரிவார்.

இதை மாற்ற ஒரு ஸ்ட்ராவும் அரை டம்ளர் தண்ணீரும் போதும். ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு விட்டு, 'ஊ' என்று குரல் கொடுத்துக் குமிழி விட வேண்டும். முதலில் பேசுகிற சுருதியில் ஐந்து ஐந்து விநாடியாகப் பத்து முறை. அப்புறம் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு ஐந்து முறை. கடைசியில் அன்றைக்குப் பாடப்போகிற பாட்டின் பல்லவியை ஸ்ட்ராவுக்குள்ளேயே ஒரு தடவை. மொத்தம் ஐந்து நிமிஷம். குமிழி ஒரே சீராக வர வேண்டும்; குபுக் குபுக் என்று விட்டுவிட்டு வந்தால் தொண்டையை முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறார் என்று அர்த்தம். கன்னம் உப்பக் கூடாது. தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். இதற்குப் பிறகு உயிரெழுத்தில் தொடங்கும் வரிகளை, முன்னால் ஒரு மெல்லிய 'ஹ' சேர்த்துப் பாடிப் பழகினால் இரண்டு மாதத்தில் அந்தத் தட்டு குறையும். பின்பு 'ஹ'வை விட்டுவிடலாம்.

மூச்சும் பட்டாளத்து மூச்சாகவே இருக்கும். சாவ்தானில் (விறைப்பாக நிற்கிற நிலை) நெஞ்சு நிமிர்ந்து, வயிறு உள்ளே போய், முழங்கால் பூட்டியிருக்கும். அந்த நிலையில் காற்று மேல்நெஞ்சுக்குத்தான் போகும். நீளமான வரியின் பாதியிலேயே தீர்ந்துவிடும். போதாததற்கு, முழங்காலைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றால் மயக்கமும் வரும். பரேடில் ஆள் விழுவது இதனால்தான். பாடுவதற்கு, தளர்ந்து நிற்கிற விஷ்ராமே ஏற்ற நிலை. பாதங்களுக்கு நடுவே ஓர் அடி இடைவெளி, முழங்கால் தளர்ச்சி, இடுப்புவார் ஒரு துளை தளர்வாக. மூச்சு இழுக்கும்போது அந்த வார் முன்னால் தள்ளப்படுகிறதா என்று பார்த்தால் போதும். வேறு பாடம் வேண்டாம்.

தொண்டை கட்டிக்கொண்டே இருக்கிறது, வறட்டு இருமல் விடமாட்டேன் என்கிறது என்றால் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு இந்த இருமல் வரும். தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் 'நான் கோயிலில் பாடுகிறவன், இருமல் தாங்கவில்லை' என்று சொன்னால், டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற வேறு வகைக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் அடிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் குரல் கரகரக்கும். பயிற்சி முடிந்து ஒன்பதரை மணிக்கு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுப்பதும் குரலைக் கெடுக்கும். அமிலம் ஏறிக் காலையில் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்க வைக்கும். பயிற்சிக்குப் போகும் முன்பே சாப்பிட்டுவிடுவது உத்தமம். கேண்டீன் ரம்மைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'தொண்டைக்கு நல்லது' என்கிற பேச்சு மட்டும் பொய். அது நாணை உலர்த்தும். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நின்றால், புகைபிடித்தவர் என்றால் அதற்கும் முன்பே, தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற டாக்டரிடம் போய்விட வேண்டும்.

பல்செட் வைத்திருப்பவர்கள் பயிற்சிக்கும் அதை மாட்டிக்கொண்டே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாட்டினால் ச-வும் ர-வும் புதிதாகப் பிறந்ததுபோல் வரும்.

இனி எந்தக் குரல் என்ற கேள்வி. மீசையைப் பார்த்தே ஆண்களின் கீழ்க்குரலான பேஸில் நிறுத்திவிடுகிற வழக்கம் நம் குழுக்களில் இருக்கிறது. கீபோர்டில் பார்க்காமல் அதை முடிவுசெய்யக் கூடாது. மிடில் ஸி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஸி-யில் தொடங்கி ஒவ்வொரு கட்டையாக இறக்கிக்கொண்டே 'ஆ' பாடச் சொல்ல வேண்டும். எஃப், ஈ வரை காற்றாகாமல் சத்தமாகவே வந்தால் அவர் பேஸ். ஏ-யிலேயே பொரிந்துபோனால் பேஸ் வரி அவருக்கு வெறும் உறுமல்தான். ஆண்களின் மேல்குரலான டெனரின் கீழ்ப்பாதியோ, சபையார் பாடுகிற ராகமோ பாடலாம். இதை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். அறுபதைத் தாண்டினால் ஆண்களின் குரல்நாண் மெலிந்து, பேச்சுச் சுருதி கொஞ்சம் மேலே ஏறுகிறது. ஐம்பதில் நல்ல பேஸாக இருந்தவருக்கு எழுபதில் அந்தக் கீழ் ஸ்வரங்கள் இருக்காது. அது அவமானம் இல்லை, உடம்பின் கணக்கு.

சபையாரோடு ஒரே ராகமாகப் பாடுகிற கீர்த்தனைகளில் வருவது வேறு சிக்கல். கீபோர்டுகாரர் பெண்களுக்குச் சௌகரியமாக நாலரை, ஐந்து கட்டைச் சுருதியில் எடுத்துவிட்டால், ஆண்கள் மேலே கத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஸ்தாயி கீழே முனக வேண்டும். மிலிட்டரிக்காரர் கத்துவார், அது அவர் சுபாவம். சரணம் உச்சிக்கு ஏறுகிற பாட்டு என்றால் டிரான்ஸ்போஸ் பட்டனில் இரண்டு இறக்கினாலே ஒரு முழுச் சுரம் குறையும், எல்லாருக்கும் மூச்சு வரும். இறக்கிய பட்டனை அடுத்த பாட்டுக்கு முன் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டு, 'இன்றைக்கு என்ன எல்லாம் பாதாளத்தில் போகிறது' என்று விழிப்பதும் நடக்கும். பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே கட்டையையும் எழுதி வைப்பதுதான் இதற்குப் பரிகாரம்.

தாளம் அவர்களுக்குத் தனிப் பாடம். விரைவு நடை நிமிஷத்துக்கு 120 காலடி. பத்து இருபது வருஷம் அந்த வேகம் காலுக்குள் ஓடியிருக்கிறது. மேல்நாட்டு மெட்டில் பாடுகிற பாமாலைகளின் நடை பெரும்பாலும் நேரானது, அளவும் 8.6.8.6, 8.8.8.8 என்று அசைக் கணக்கில் அடங்கியவை. அதனால் அவர்களுக்கு அவை எளிதில் படியும். ஓடுவதை மட்டும் இழுத்துப் பிடித்தால் போதும். கீர்த்தனை அப்படியல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்தே அது கர்நாடக சங்கீத வழியில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராகமும் தாளமும் சொல்லிக் கட்டப்பட்டது. ஆதி தாளத்தில் தட்டு விழுந்து அரை இடம் கழித்துச் சொல் தொடங்குகிற எடுப்பு அதில் நிறைய. இடது காலோடு சொல்லைச் சேர்த்தே பழகியவர் அந்த அரை இடத்தை விழுங்கிவிட்டு முன்கூட்டியே பாய்வார். கால் தட்டுவதை நிறுத்தச் சொல்லி, கையில் தாளம் போட வைப்பதுதான் வழி. ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. சொல்லில்லாமல் நாலு ஆவர்த்தம் (முழுச் சுற்று) போடட்டும். ஐந்தாவதில் தட்டின்போது வாய்க்குள் 'ம்' என்று நினைத்துக்கொண்டு, அதன் பின் சொல்லை எடுக்கட்டும். 'ம்' நின்றால் எடுப்பு நிற்கும்.

நாலு குரல் பாடல்களுக்கு, ஸ்வரங்களை எழுத்தாலேயே குறிக்கிற டானிக் சோல்ஃபா தெரிந்துகொள்வது நல்ல முதலீடு. ஐந்துகோட்டு நொட்டேஷன் ஐம்பது வயதுக்கு மேல் கண்ணுக்கும் மூளைக்கும் பாரம். சோல்ஃபாவில் டோ எங்கிருக்கிறது என்று ஒன்றைப் பிடித்தால் மற்றதெல்லாம் எழுத்துதான். இரட்டைப் புள்ளி தட்டுகளைப் பிரிக்கும், ஒற்றைப் புள்ளி தட்டைப் பாதியாக்கும், சிறு கோடு வந்தால் முந்திய ஸ்வரத்தை நீட்ட வேண்டும். சிக்னல்ஸில் வேலை பார்த்தவர்கள் இதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது பெரிதாக்கி எடுத்து, தன் குரல் வரியை மட்டும் மஞ்சள் மார்க்கரால் கோடிட்டு, மூச்சு விடும் இடத்தில் பென்சிலால் ஒரு காற்புள்ளி போட்டுக்கொள்ள வேண்டும். பேனா வேண்டாம், மூச்சிடம் மாறிக்கொண்டே இருக்கும்.

குணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏழு மணிப் பயிற்சிக்கு ஆறே முக்காலுக்கு வந்து நிற்பவர் அவர். இருபத்தைந்து வயது கொயர் மாஸ்டர் ஏழேகாலுக்கு வருவார். பெண்களின் மேல்குரலான சோப்ரானோ பாடுகிற பிள்ளைகள் ஏழரைக்கு. முதல் மாதம் பொறுப்பார், இரண்டாம் மாதம் "இது என்ன, சத்திரமா?" என்று ஒரு சத்தம் போடுவார். அத்தோடு இரண்டு பிள்ளைகள் நின்றுவிடும், அவர்கள் வீட்டார் சபைப் போதகரான ஐயரிடம் போவார்கள். இதைத் தவிர்க்கிற சூட்சுமம், அவருக்கு வேலையைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் இருப்பது. பாட்டுத்தாள் அலமாரி, வருகைப் பதிவேடு, அங்கிகளைத் துவைக்கக் கொடுத்து எண்ணி வாங்குவது, கேரல் பவனிக்கு வேன் ஏற்பாடு என்று எண்ணிக்கையும் ஒழுங்கும் வேண்டிய வேலைகளை ஒப்படைத்தால் குழுவே நிமிர்ந்துவிடும். யாரைத் திருத்துவது என்பதை மாஸ்டரிடம் விட்டுவிட வேண்டும். வெளியே "தம்பி" என்று கூப்பிடுகிற பையனாக இருந்தாலும், பயிற்சி அறைக்குள் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிட வேண்டும். தன்னைவிட வயதில் சின்ன லெப்டினென்டுக்கு சல்யூட் அடித்தவருக்கு இது புரியாத விஷயமில்லை. மாஸ்டரும் பதிலுக்கு, "மாமா, ஒரு இடம் மட்டும் திரும்பப் பாத்துக்கிடுவோமா?" என்று கேட்டால் அவர் பத்து தடவை பாடுவார். எல்லார் முன்னாலும் "பேஸ் தப்பு" என்றால் அன்றைக்கு இரவு தூங்கமாட்டார்.

இன்னொரு சொத்தும் அவர்களிடம் இருக்கிறது. யூனிட்டில் மந்திர் பரேடுக்கு (படைப்பிரிவின் வழிபாட்டுக் கூட்டம்) எல்லாரோடும் போய் உட்கார்ந்ததில் ஹிந்திப் பாட்டு, பஞ்சாபிப் பாட்டு என்று காதில் ஏறியிருக்கும். மிஷனரி ஞாயிறுக்கு வெளிமொழிப் பாட்டு ஒன்று வேண்டுமென்றால் உச்சரிப்புக்கு அவரைத் தவிர ஆள் கிடையாது.

வருஷத்தில் கடினமான மாதம் டிசம்பர். கேரல் பவனி இரவு எட்டுக்குக் கிளம்பி, தெருத்தெருவாகப் போய், பின்னிரவில்தான் முடியும். திறந்த வெளி, பனி, டிரம் சத்தம், வீட்டுக்கு வீடு பேச்சு. இதில் பாட்டைவிடப் பேச்சுதான் குரலை அதிகம் கெடுக்கும். வீட்டு வாசலில் மட்டும் பாடுவது, நடக்கும்போது வாயை மூடிக்கொள்வது, பேஸ் குரல்களை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றிப் பாடுவது, டிரம்மைப் பத்தடி தள்ளி நிறுத்துவது ஆகிய நாலையும் கடைப்பிடித்தால் 25-ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்குக் குரல் மிஞ்சும். கொடுக்கிற வீட்டிலெல்லாம் குளிர்பானம் வாங்கிக் குடிக்காமல் ஒரு பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோவது நல்லது. பழுதான குரலோடு கிசுகிசுப்பதால் ஓய்வு கிடைப்பதில்லை, அதுவும் நாணை இழுக்கும். வாயை மூடியிருப்பதுதான் ஓய்வு.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. உபவாசத்தோடு வந்து நிற்கிற சர்க்கரை வியாதிக்காரர்கள்தான் அங்கே கவலை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வேர்வை, கை நடுக்கம், பாட்டின் வரி தெரிந்தும் வாயில் வராமல் போவது இவை அறிகுறிகள். உபவாசத்துக்கு முன்பே மாத்திரையை எப்படி எடுப்பதென்று டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். சட்டைப்பையில் குளுகோஸ் இருக்கட்டும். ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் சுருதிதான் பிரச்சினை. தூங்கி எழுந்த நாண் வீங்கியிருக்கும், கீழ் ஸ்வரம் கொழிக்கும், மேல் ஸ்வரம் வராது. அந்த ஒரு ஆராதனைக்கு எல்லாப் பாட்டையும் அரைக் கட்டை இறக்கி வைப்பதும், முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்து ஸ்ட்ரா பயிற்சி செய்வதும் போதும்.

டிசம்பருக்கு முன்னால் நவம்பர் வருகிறது, வாழ்வுச் சான்று கொடுக்கிற மாதம். கேரல் பயிற்சியும் அதே மாதம் தொடங்குவதால் தள்ளித் தள்ளிப் போட்டு, ஜனவரியில் பென்ஷன் வரவில்லை என்று ஓடுகிறவர்கள் உண்டு. முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். விரல் ரேகை தேய்ந்து மிஷின் ஏற்காதவர்களுக்கு முகத்தைக் காட்டிச் செய்கிற செயலி வந்துவிட்டது. குழுவில் இருக்கிற பையன் ஒருவன் தன் செல்போனிலேயே ஐந்து நிமிஷத்தில் முடித்துத் தருவான். பாதுகாப்புத் துறையின் இணையவழிப் பென்ஷன் முறையான ஸ்பர்ஷுக்கு மாறிய பிறகும், வாழ்வுச் சான்று அனுப்புகிற ஜீவன் பிரமானில் பழைய வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுவது வழக்கமான தப்பு. வழங்கும் இடம் ஸ்பர்ஷ் என்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

பென்ஷன் வழங்கும் ஆணையான பிபிஓவில் மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் உயிரோடு இருக்கும்போதே சரிபார்ப்பது அவசியம். ஹிந்திக்காரக் கிளார்க் எழுதிய எழுத்தில் யேசுதாஸ் ஜேசுதாஸ் ஆகியிருப்பார், ஞானப்பூ க்யானபு ஆகியிருப்பார். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பிபிஓவில் ஒன்று என்று நின்றால் குடும்பப் பென்ஷன் மாதக்கணக்கில் இழுக்கும். திருத்துவதற்கு அந்தந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களுக்கு அது நீலகிரியில் வெலிங்டன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

வயது எழுபத்தைந்தைத் தாண்டி, நீண்ட வரியில் மூச்சு நிற்காதபோது குழுவை விட்டு அனுப்பிவிடக் கூடாது. உட்கார்ந்து பாடலாம். பல்லவி மட்டும் பாடலாம். வேதபாடம் வாசிக்க வைக்கலாம். ஆர்டர் கொடுத்த குரல் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குப் போகும், கரண்ட் போன ஞாயிறுகளில் அதன் அருமை தெரியும்.

கடைசியாக, அவர் இறந்த வீட்டில் ஒவ்வொரு முறையும் எழுகிற விஷயம், தேசியக் கொடி. பெட்டியின் மேல் போர்த்த வேண்டும் என்று உறவினர்கள் கடையில் ஒரு கொடி வாங்கி வந்துவிடுவார்கள். கொடி விதிப்படி அரசு மரியாதை, ராணுவ, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் அடக்கங்களில்தான் கொடி போர்த்தலாம். ஓய்வு பெற்றவர் என்பதால் மட்டும் அந்த மரியாதை தானாக வந்துவிடாது. 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்திலும் இது வருகிறது. ஆகவே மரணச் செய்தியைச் சொல்லும்போதே முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் உள்ளூர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தையும் கேட்டுவிடுவது நல்லது. மரியாதை அனுமதிக்கப்பட்டால், காவி நிறம் தலைமாட்டுப் பக்கம் இருக்க வேண்டும், கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது. அனுமதி இல்லையென்றாலும் மெடல்களை ஒரு சிறு மெத்தையில் வைத்துப் பெட்டியோடு கொண்டுபோவதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் குடும்பப் பென்ஷன் நகராது.

அடக்க ஆராதனைப் பாட்டுகளைப் பாடகரே முன்கூட்டி எழுதி பிபிஓ இருக்கிற ஃபைலில் வைத்துவிட்டால் வீட்டாருக்குத் தலைவலி மிச்சம். எண்ணும் கட்டையும் எத்தனை சரணம் என்பதும் எழுதினால் போதும், ஒரு நகல் மாஸ்டரிடம் இருக்கட்டும். கோயிலுக்குள் பாடுவதற்கு எது வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் தாள் இல்லாமல் எல்லாரும் பாடுகிற கீர்த்தனையாக இருக்க வேண்டும். அங்கே கீபோர்டு இருக்காது. துக்கத்தில் யாராவது உச்சியில் எடுத்துவிடுவார்கள், இரண்டாம் சரணத்தில் பாட்டு அறுந்துபோகும். பிட்ச் பைப்போ செல்போன் தம்புராவோ வைத்து இரண்டு கட்டையில் ஸ்வரம் பிடித்துக் கொடுக்கிற பொறுப்பை ஒரே ஒருவரிடம், பேஸ்காரர் ஒருவரிடமாக இருந்தால் நல்லது, முதலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும்.